நாய்க்குட்டிக்கு உகந்த மாதம்

ஃபஹாஹீலுக்கு வந்து சேர்ந்த புதிதில் என்னால் ஓரிடத்தில் நிலையாக உட்கார முடியவில்லை. எண்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தில் கல்யாணம் முடிந்து, விசாவுக்காக ஒரு வருடத்துக்கும் மேல் காத்திருந்து, ஒருவழியாகக் குவைத்துக்கு வந்திருந்தேன். காத்திருப்பு முடிந்துவிட்டது. ஆனால் உடம்புக்கு அது தெரியவில்லை. சமையலறையிலிருந்து பால்கனிக்குப் போவேன். கீழே ஆரஞ்சு நிற டாக்சிகள் போவதைப் பார்ப்பேன். எதற்காக அங்கே வந்தேன் என்பது மறந்து உள்ளே திரும்புவேன். காலையில் துடைத்த தரையை மத்தியானமும் துடைப்பேன். அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு, வாசற்கதவின் கண்ணாடித் துளை வழியாக ஆளில்லாத மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அடிப்பிடித்த மணம் வந்த பிறகுதான் பருப்பு நினைவுக்கு வரும்.

கணவருக்குக் கடலோர எண்ணெய் ஆலை ஒன்றின் கண்ட்ரோல் ரூமில் வேலை. ஷிப்ட் டூட்டி. வீட்டில் இருக்கும் நேரத்தில் பாதி தூக்கத்தில் போய்விடும். தூக்கத்திலும் என் காலடிச் சத்தம் அவருக்குக் கேட்கும் போலிருக்கிறது.

"ஏன் இப்பிடி ஓடித் திரியிறீர்? கொஞ்சம் இரும்," என்று படுத்தபடியே சொல்வார்.

"இருக்கிறன்தானே," என்பேன், நடந்துகொண்டே.

நாய்க்குட்டி யோசனை அவருடையதுதான். ஒரு வெள்ளிக்கிழமை தேநீர் குடிக்கும்போது சொன்னார்.

"நாள் முழுக்கத் தனிய இருக்கிறீர். ஊரிலை நாயோடை வளர்ந்த ஆள். ஒரு குட்டி இருந்தா உமக்குத் துணையாயிருக்கும்."

"இப்ப வேண்டாம்," என்றேன்.

அவர் 'வேண்டாம்' என்பதை விட்டுவிட்டு 'இப்ப' என்பதைப் பிடித்துக்கொண்டார். இப்போது வேண்டாம் என்றால் எப்போது வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் தன் வேலை என்று நினைத்துவிட்டார். கருவிகளின் முள்ளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய மனிதர். எதையும் யோசித்து, தள்ளி வைத்து, திரும்ப யோசித்துத்தான் செய்வார். ஜூன், ஜூலை என்றால் வெயில். குட்டியின் கால் தெருவில் வெந்துவிடும். ஆகஸ்டில் ஆலையில் பராமரிப்பு வேலை. அவர் வீட்டுக்கு வருவதே அரிது. அக்டோபர் நல்ல மாதம். ஆனால் அதற்குப் பிறகு லீவில் ஊருக்குப் போவதென்றால் குட்டியை யாரிடம் விடுவது? அப்படியென்றால் லீவு முடிந்து வந்து எடுக்கலாம். அதற்குள் திரும்ப வெயில் வந்துவிடும். இப்படி மாதங்களைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என் தடை வெயிலும் இல்லை, லீவும் இல்லை.

ஊரில் நான் ஒரு நாயை விட்டுவிட்டு வந்திருந்தேன். நல்ல சிவலை நிறம். குட்டியாக இருந்தபோது முள்ளுக்கம்பி வேலியில் மாட்டி இடது காது கிழிந்திருந்தது. நான் விமானம் ஏறுவதற்காகக் கொழும்புக்குப் புறப்பட்ட அன்றே அம்மாவும் வீட்டைப் பூட்டிக்கொண்டு, கொழும்பில் இருந்த அக்காவோடு தங்க வந்துவிட்டார். பஸ்சில் நாயை ஏற்ற மாட்டார்கள். பக்கத்து வீட்டு மாமிதான், "நான் சோறு வைக்கிறன். நீ யோசியாமல் போ பிள்ளை," என்றார். பஸ் எடுக்கும்வரை அது சந்தியில் நின்றது. பிறகு கொஞ்சத் தூரம் ஓடி வந்தது. பிறகு தெரியவில்லை.

நான் இங்கே வந்த சில வாரங்களில் ஊரில் எங்கள் பக்கத்தில் சண்டையால் நிலைமை மோசமானது. சனம் இடம்பெயர்ந்தது. மாமி வீட்டுக்காரரும் வீட்டை விட்டு எங்கோ போய்விட்டார்கள் என்று அக்கா சொன்னாள். நாயைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மனிதர்களே எங்கே என்று தெரியாத நேரத்தில் நாயை விசாரிக்க வாய் வரவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை. அவருக்கு அந்த நாயைத் தெரியும். கல்யாணத்தன்று அவருடைய புதுச் செருப்பில் ஒன்றைக் கடித்துக் கிழித்ததே அதுதான். ஆனால் மாமி அதைப் பார்த்துக்கொள்கிறார் என்ற அளவில் அவருடைய கவலை முடிந்திருந்தது.

எங்கள் எதிர் வீட்டில் ஒரு நர்ஸ் அக்கா இருந்தார். கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரை ஊர். உரத்த குரல், வேகமான நடை, எடுத்த காரியத்தை விடாத குணம். அவருடைய ஆஸ்பத்திரிக்கு வந்துபோகும் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி, பக்கத்து எண்ணெய்க் கம்பெனி ஊரான அஹ்மதியில் தோட்டம் வைத்த பங்களாவில் இருந்தாள். அவளுடைய நாய் குட்டி போட்டிருந்தது. கோடை விடுமுறைக்கு விமானம் ஏறுமுன் எல்லாக் குட்டிகளுக்கும் வீடு பார்க்க வேண்டும். அதில் ஒன்றுக்கு வீடு பார்த்துத் தருவதாக அக்கா வாக்குக் கொடுத்துவிட்டார். எங்கள் வீட்டில் நாய்க்குட்டிப் பேச்சு நடப்பது காதில் விழுந்ததும் கதவைத் தட்டினார்.

"மக்ளே, நான் ஒரு குட்டி பாத்து வச்சிருக்கேன். நல்ல சாதி. வெள்ளிக்கெழம எனக்கு டூட்டி இல்ல. போயி பாத்துட்டு வருவோம். பாக்கதுக்கு என்ன?"

கணவர் என்னைப் பார்த்தார். நான் மறுபடியும் "இப்ப வேண்டாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "பாக்கிறதிலை பிழை இல்லைதானே," என்றுவிட்டார்.

அஹ்மதி எனக்குப் புது உலகமாக இருந்தது. வரிசை வரிசையாகத் தாழ்ந்த வீடுகள், வேலியோரம் அரளி பூத்திருந்தது. குட்டிகளைத் துணி துவைக்கும் அறையில் வைத்திருந்தார்கள். வெள்ளையும் பழுப்புமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருந்தன. ஒன்று மட்டும் கூட்டத்தை விட்டு வந்து என் சேலைக் கரையைப் பற்றி இழுத்தது. விடுவிக்கக் குனிந்தேன். கைவிரலை நக்கியது. அதன் வாயிலிருந்து பால் மணம் வந்தது. எழுந்து வெளியே வந்து தோட்டத்துக் கதவுவரை போனேன், திரும்பினேன், திரும்பவும் போனேன்.

அந்தப் பெண்மணி வாசற்படியில் நின்று எங்களைக் கேள்வி கேட்டாள். கறாரான பேச்சு, ஆனால் கேட்டது எல்லாம் நியாயமானது. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? கட்டடத்தில் நாய் வைக்க விடுவார்களா? ஊருக்குப் போகும்போது யார் பார்ப்பார்கள்? கணவர் ஒவ்வொன்றுக்கும் தயாராகப் பதில் வைத்திருந்தார். கடைசியாக அவள் கேட்டாள்: இதற்கு முன் நாய் வளர்த்திருக்கிறீர்களா?

"என் மனைவி வளர்த்திருக்கிறாள்," என்றார் கணவர் பெருமையோடு.

"அந்த நாய்க்கு என்ன ஆயிற்று?"

அவர் என் பக்கம் திரும்பினார். நான் அரளிச் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே குட்டிகள் முனகும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பெண்மணி, முடிவு செய்த பிறகு வாருங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

திரும்பி வரும் டாக்சியில் அக்கா முன்னால் உட்கார்ந்துகொண்டார். பின் இருக்கையில் கணவர் தணிந்த குரலில் கேட்டார்:

"ஏன் ஒண்டும் சொல்லேல்லை நீர்?"

"என்னத்தைச் சொல்லுறது? எனக்குத் தெரியுமே?"

"மாமி பாக்கிறாதானே?"

"மாமி எங்கை இருக்கிறா எண்டே ஒருத்தருக்கும் தெரியாது. பூட்டின வீட்டு வாசலிலை அவன் படுத்திருக்கிறானோ, செத்துப்போனானோ... அது தெரியாமல் இன்னொண்டைக் கொண்டுவந்து மடியிலை வைக்கச் சொல்லுறியள்."

அவர் என் கையைப் பிடிக்கவில்லை. வீடு வரும்வரை டிரைவரின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "எனக்கு இது தோன்றேல்லை," என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாளிலிருந்து மாதம் பார்ப்பதை விட்டுவிட்டு நாயைத் தேட ஆரம்பித்தார். கடல் கடந்து இருந்துகொண்டு ஒரு நாயை எப்படித் தேடுவது? கொழும்புக்கு டிரங்க் கால் பதிவு செய்து, ஷிப்ட் முடிந்து வந்த களைப்போடு டெலிபோன் நிலையத்தில் காத்துக் கிடந்தார். லைன் கிடைத்தபோது அக்காவுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. "நாயோ? எந்த நாய்?" என்று அவள் கத்தியது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

பிறகு எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் புதிதாக வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டார். தெற்கே ஒரு கட்டடக் கம்பெனியின் கேம்பில் தங்கியிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை இருவரும் போனோம். ஆண்கள் மட்டும் தங்கும் இடம். கதவுகளுக்கு முன்னால் கயிறு கட்டிச் சாரங்கள் காயப்போட்டிருந்தார்கள். நான் காருக்குள்ளேயே இருந்தேன். இரவல் கார். கணவர் உள்ளே போய் அவரை அழைத்து வந்தார். மெலிந்த மனிதர். காரின் ஜன்னலுக்கு நேரே குனிந்து நின்றார்.

எங்கள் வீடு இருந்த ஒழுங்கையைத் தெரியும் என்றார். வீடுகள் இருக்கின்றன, ஆட்கள் குறைவு என்றார்.

"மாமி வீட்டுச் சனம்?"

"அவையளைக் காணேல்லை அக்கா."

"ஒரு நாய்... சிவலை. காது கிழிஞ்சது."

அவர் என் முகத்தைப் பார்த்தார், கணவரின் முகத்தைப் பார்த்தார். "அங்கை இப்ப நாயள் கன இருக்கு அக்கா. கோயில் மடத்திலை ஆக்கள் தங்கியிருக்கினம், சமைக்கினம். எல்லாம் அங்கைதான் நிக்கும். ஓம்... காது கிழிஞ்ச ஒண்டும் நிண்டதுபோலைதான்."

"இடது காதோ?"

"ஓம், ஓம். இடது."

நான் வலது என்று கேட்டிருந்தாலும் அவர் ஓம் என்றுதான் சொல்லியிருப்பார். அவருடைய தாயும் தங்கைகளும் அந்த மடத்தில்தான் இருந்தார்கள் என்பது கணவர் சொல்லிப் பிறகுதான் தெரியும். அப்படிப்பட்டவரிடம் போய் நாயைக் கேட்டிருக்கிறேன். அவரும் கோபப்படாமல், எனக்காக ஒரு காதைக் கிழித்துக் காட்டினார். வீட்டுக்கு வந்து நான் பால்கனிக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். கணவர் அன்றைக்கு இரும் என்று சொல்லவில்லை.

ஜூன் பிறந்தது. வானம் பழுப்பாகி, தூசிக் காற்று நாள்கணக்கில் வீசியது. ஜன்னல் இடுக்குகளில் ஈரத் துணி செருகி வைத்தேன். அப்படியும் தட்டில், தலையணையில், நாக்கில் எல்லாம் மண். ஆலையில் ஏதோ கோளாறு என்று கணவருக்கு டபுள் டூட்டி. ஒரு காலை நர்ஸ் அக்கா யூனிபார்மோடு கதவை இடித்தார்.

"மக்ளே, அந்த மதாம்மா நாளைக்கு பிளேன் ஏறப்போறா. ஒரு குட்டிதான் கெடக்கு, அண்ணைக்கு ஒன் சேலையக் கடிச்சதுதான். எடுக்கேன்னு சொன்னவனும் வேண்டாம்ணுட்டான். நீ ஆமாம்ணு சொல்லு, இல்ல இல்லேண்ணு சொல்லு. எனக்கு அவ மொகத்துல முழிக்க முடியல."

"அவர் டூட்டியிலை, அக்கா."

"அவருகிட்டயா கேக்கேன்? ஒங்கிட்ட கேக்கேன்."

எல்லாவகையிலும் பொருந்தாத நாள். வெயிலின் உச்சம், வெளியே தூசி, கணவர் இல்லை, கட்டடத்தில் அனுமதி கேட்கவில்லை, சிவலை என்ன ஆனான் என்பது இன்னும் தெரியாது. இதையெல்லாம் நான் அக்காவிடம் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லிக்கொண்டு வரும்போதே ஒன்று பிடிபட்டது. நான் எதிர்பார்க்கும் சேதி வரவே வராமல் போகலாம். அதற்காக அந்தக் குட்டி துணி துவைக்கும் அறையில் காத்திருக்கப்போவதில்லை. சமாதானமாகித்தான் போனேன் என்று சொல்ல மாட்டேன். அந்த வீட்டுக்குள் இன்னும் ஒரு பகல் நடந்தால் பைத்தியம் பிடிக்கும் போலிருந்தது.

"நில்லுங்கோ அக்கா, செருப்பைப் போட்டுக்கொண்டு வாறன்," என்றேன்.

பிளாஸ்டிக் காய்கறிக் கூடையில் துண்டை விரித்துக் கொண்டுவந்தோம். அந்தப் பெண்மணி இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. பெட்டிகள் கட்டிக் கிடந்தன. குட்டியின் தலையில் முத்தமிட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா என்னை எங்கள் கட்டட வாசலில் இறக்கிவிட்டு அதே டாக்சியில் டூட்டிக்கு ஓடினார்.

வாசலில் ஹாரிஸ் நின்றார். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் எகிப்துக்காரர். கூடை அசைவதைப் பார்த்ததும் துண்டை நீக்கி எட்டிப் பார்த்துவிட்டு ஒரு அடி பின்வாங்கினார்.

"கல்ப் மாஃபி! நாய் கூடாது, மேடம், மாஃபி!"

நான் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டேன். கதவு திறந்தே இருந்தது. தூசி சுருண்டு உள்ளே வந்து எங்கள் இருவர் கண்ணிலும் அடித்தது. குட்டி தும்மியது. அவரும் தும்மினார். "யல்லா, யல்லா, கதவைச் சாத்து," என்று கையை வீசினார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். மறுநாள் அவரே கணவரைக் கூப்பிட்டு, கட்டட முதலாளி வந்துபோகும் நாட்களில் நாயின் சத்தம் கேட்கக் கூடாது, மற்ற நாட்களில் தனக்குக் காது கேட்காது என்று சொன்னார்.

ஆனால் அந்த முதல் பகல்! குட்டி கத்தியது. அறைக்கு அறை நனைத்தது. பால் வைத்தால் கிண்ணத்தைக் கவிழ்த்தது. வாங்கிக்கொண்டு வந்தது தப்பு, திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். திருப்பிக் கொடுக்க அங்கே ஆள் இருக்கப்போவதில்லை என்பதும் தெரிந்தது. வழக்கம்போல நடந்தேன். பால்கனிக் கதவுக்குப் போனால் பின்னால் வந்தது. சமையலறைக்குப் போனால் வழுக்கும் தரையில் சறுக்கிக்கொண்டு வந்தது. வாசற்கதவுக்குப் போனேன், குதிகாலில் மோதியது. அதற்குத் தூக்கம் கண்ணைச் சொக்கியது. நான் நிற்கும்போது அப்படியே உட்கார்ந்து தலையைத் தொங்கப்போடும். நான் நகர்ந்ததும் திடுக்கிட்டு எழுந்து பின்னால் வரும். ஒரு கட்டத்தில் நிற்க மாட்டாமல் தள்ளாடிச் சுவரில் முட்டியது. முட்டியும் வந்தது.

நான் நடந்தால் அது தூங்காது. இது புரிய எனக்கு நெடுநேரமாயிற்று. தரையில், சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தேன். அது என் கணுக்காலில் தாடையை வைத்து உடனே தூங்கிவிட்டது. கால் மரத்துப்போனது. அடுப்பில் வைக்க வேண்டியதை வைக்கவில்லை. கணவர் டபுள் டூட்டி முடிந்து, புருவமெல்லாம் மண்ணோடு வந்து கதவைத் திறந்தபோது அப்படியேதான் இருந்தேன். அவர் குட்டியைப் பார்த்தார், தரையில் கிடந்த ஈரத்தைப் பார்த்தார்.

"இண்டைக்கோ?" என்றார்.

"ஓம். சத்தம் போடாதேங்கோ."

அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுனிக்காலில் உள்ளே வந்தார்.

அந்தக் கோடை முழுவதும் நான் திருந்திவிடவில்லை. குட்டியின் மூக்கைத் தடவிக்கொண்டிருக்கும்போதே கை நின்றுபோகும். மடத்து வாசலில் மற்ற நாய்களுக்கு நடுவில் அவன் நிற்பதாக நினைப்பு ஓடும். குட்டியின் பெயரைக் கூப்பிடுவதற்குப் பதில் அவன் பெயரைக் கூப்பிட்டிருக்கிறேன். அதற்கும் அது வந்தது. அன்றைக்கு அழுதேன்.

வெயில் தணிந்த பிறகு கொழும்பு அக்காவிடமிருந்து டெலிபோன் வந்தது. நர்ஸ் அக்கா வீட்டு நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். நிலைமை கொஞ்சம் அடங்கியதும் அம்மா வீட்டைப் பார்க்க யாழ்ப்பாணம் போய் வந்திருக்கிறார்.

"மாமி வீட்டுச் சனம் திரும்பி வந்திட்டுது," என்றாள் அக்கா. "உன்ரை நாயும் நிக்குது."

"எங்கை?"

"அவையோடைதான். ஓடேக்கை டிராக்டரிலை அதையும் ஏத்திக்கொண்டு போயிருக்கினம். மூட்டை முடிச்சுகளுக்கு மேலை இருந்து போச்சுதாம். அம்மா கூப்பிட்டவவாம். வாலை ஆட்டிக்கொண்டு வந்து, அவ முற்றம் கூட்டி முடியுமட்டும் நிண்டது. பிறகு மாமி ஒரு சத்தம் குடுக்க, அங்கை ஓடிட்டுது. திரும்பியும் பாக்கேல்லையாம்." அக்கா சிரித்தாள். "அது இனி அவையின்ரை நாய்."

ரிசீவரை வைத்துவிட்டு நின்றேன். உயிரோடு இருக்கிறான். அந்தச் சந்தோஷத்தில் நர்ஸ் அக்காவைக் கட்டிப்பிடித்தேன். அவர் என்ன ஏது என்று புரியாமல், "என்ன மக்ளே, யாரு, யாருக்கு என்ன?" என்று பதறினார். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த இன்னொரு வார்த்தை குத்தியது. திரும்பியும் பாக்கேல்லையாம். இத்தனை மாதம் பூட்டிய வாசலில் அவனைப் படுக்கவைத்து நான்தான் அலைந்திருக்கிறேன். அவன் டிராக்டரில் மூட்டைமேல் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். மாமிமேல் பொறாமையாக இருந்தது. மாமிக்குக் கும்பிடு போடவும் தோன்றியது. அன்று மாலை முழுவதும் இரண்டுக்கும் நடுவில் கிடந்தேன். கணவரிடம் சொன்னபோது அவர், "கெட்டிக்காரன்," என்று மட்டும் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது.

குளிர்காலத்தில் குட்டியைக் கடற்கரைக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தோம். குட்டி என்று சொன்னாலும் அதற்குள் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. ஒரு மாலை மீன்பிடிப் படகு ஒன்று வந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தது. கணவர் வாரைக் கொஞ்சம் தளர்த்தினார். அவ்வளவுதான். அது அவர் பிடியை உதறிக்கொண்டு பாய்ந்து, ஒரு பெரிய மீனைக் குறுக்காகக் கவ்விக்கொண்டு ஓட்டமெடுத்தது.

"ஏலேய், நாயைப் புடிங்கலே!"

தமிழ்க் குரல். படகிலிருந்த மீனவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்து ஓடி வந்தார். கணவர் ஓடினார். நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிரிப்பில் மூச்சு வாங்க, ஈர மணலில் அவர்களுக்குப் பின்னால் ஓடினேன். எங்கள் மூன்று பேரையும் பாறைகள்வரை இழுத்தடித்துவிட்டு, அங்கே படுத்து அது நிதானமாக மீனின் தலையைக் கடிக்கத் தொடங்கியது.

மீனவர் இடுப்பில் கைவைத்து நின்றார். "எந்த ஊரு நீங்க?" என்றார்.

"யாழ்ப்பாணம்," என்றார் கணவர்.

"நாயி?"

"அது இஞ்சை பிறந்தது. அஹ்மதி."

"தின்னட்டும் விடுங்க," என்றார் அவர். "வாயி வச்சதப் புடுங்கி என்ன செய்ய?"